முறை செய்யும் ஊர்



மாசி மகத்தன்று திருவண்ணாமலையை அடுத்த பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போகிறவர்கள் ஒரு காட்சியைப் பார்க்கலாம். அண்ணாமலையார் கோயிலை விட்டுக் கிளம்பி, அந்தக் கிராமத்துக் கௌதம நதிக்கரையில் வந்து இறங்கியிருப்பார். சாமி ஆற்றுக்கு வருவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஆனால் இங்கே அவர் வருகிற காரணம் அரிதாகக் கேட்பது. அவர் திதி கொடுக்க வருகிறார். அடிமுடி காண முடியாதவர் என்று தலபுராணம் சொல்கிற சிவபெருமான், ஒரு மனிதருக்கு மகன் முறையில் நின்று நீர்க்கடன் செய்கிறார்.

அந்த மனிதர் போசள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர். ஊர் வழக்கில் வல்லாள மகாராஜா. பிள்ளை இல்லாமல் வாடிய அவருக்கு அண்ணாமலையாரே குழந்தையாக வந்தார், 'உன் ஈமக்கடனை நான் செய்வேன்' என்று வாக்குக் கொடுத்தார் என்பது கதை. தைப்பூசத் தீர்த்தவாரி முடிந்து அண்ணாமலையார் கோயிலுக்குத் திரும்பும் வழியில் மன்னர் இறந்த செய்தி அவருக்குச் சொல்லப்படுகிறது. அதோடு மேளமும் நாதஸ்வரமும் நின்றுவிடுகின்றன. துக்க வீட்டுக்காரர் போல, ஓசையில்லாமல் சாமி கோயிலுக்குள் போகிறார். அடுத்து வரும் மாசி மகத்தில் திதி.

கதைக்குப் பின்னால் வரலாறு நிற்கிறது. அது கதையைவிடக் கடுமையானது. 1311இல் மாலிக் காபூரின் படை வல்லாளரின் தலைநகரான துவாரசமுத்திரத்தைத் தாக்கியது. அதன் பிறகு அவர் பல ஆண்டுகள் திருவண்ணாமலையை இருப்பிடமாகக் கொண்டு ஆண்டார். 1342-43 வாக்கில், எண்பதை ஒட்டிய வயதில், மதுரை சுல்தானோடு நடந்த போரில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். தோலை உரித்து வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததைத் தாமே கண்டதாக இபன் பதூதா தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். அந்தக் கிழ மன்னரின் உடல் ஊர் வந்து சேரவில்லை. முறைப்படி எரிக்கவோ புதைக்கவோ யாருக்கும் வாய்க்கவில்லை. வரலாற்று நூல்களில் அவருக்குப் பின் நான்காம் வல்லாளர் என்று ஒரு மகன் சில ஆண்டுகள் ஆண்டதாக வருகிறது. ஊர்க் கதையில் அந்த மகனுக்கு இடமில்லை. ஊரைக் காத்தவர் காரியம் இல்லாமல் போகக் கூடாது என்று ஊர் நினைத்திருக்கிறது. அதற்குச் சாமியையே மகனாக்கியிருக்கிறது. அவர் இறந்து ஏறத்தாழ 680 ஆண்டுகள் ஆகிவிட்டன. திவசம் இன்னும் நடக்கிறது.

தமிழில் 'முறை' என்ற சொல்லுக்கு எத்தனை பொருள்! அத்தை முறை, மாமன் முறை என்று உறவைச் சொல்வது அந்தச் சொல்தான். வரிசையில் நிற்கிறவர் 'இப்போது என் முறை' என்கிறார். காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டு வந்தால் முறை செய்தார் என்கிறோம். நீதி கேட்டு நிற்பதும் முறையிடுவதுதான். உறவு, வேலைப் பங்கு, கடமை, உரிமை என்று நான்கும் ஒரு சொல்லில் அடங்குகின்றன. திருவண்ணாமலையின் ஓராண்டுத் திருவிழாக்களை விளங்கிக்கொள்ள இந்தச் சொல்லைவிட நல்ல திறவுகோல் இல்லை. வெளியூரில் இருக்கிறவர்களுக்கு இந்த ஊர் என்றால் கார்த்திகை தீபமும் பௌர்ணமி கிரிவலமும். லட்சக்கணக்கான தலைகள், வானிலிருந்து எடுத்த படம், சிறப்புப் பேருந்து. ஊர்க்காரர்களுக்கு அப்படியில்லை. அவர்களுக்கு ஆண்டு என்பது பன்னிரண்டு மாதமும் யாராவது ஒருவர் யாருக்காவது செய்து முடிக்க வேண்டிய முறைகளின் வரிசை.

திருவிழாக்களை மாதவாரியாக அடுக்கிப் பார்க்கும் பழக்கம் நமக்கு இன்று நேற்று வந்ததல்ல. ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைப் பதிகம் அப்படிப்பட்ட ஒரு பட்டியல்தான். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று ஊர்த் திருவிழாக்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, இறந்துபோன ஒரு பெண்ணை எழுந்து வரக் கூப்பிடுகிறது அந்தப் பதிகம். செத்தவரையும் மண்ணுக்குத் திரும்ப இழுக்கக்கூடிய ஆசை எது என்று யோசித்த அந்தக் கவிக்கு, ஊர்த் திருவிழா என்று தோன்றியிருக்கிறது. அந்த வரிசையில் இருக்கிற கார்த்திகை, ஆதிரை, பூசம், மாசி எல்லாம் இன்றும் திருவண்ணாமலையில் அதே மாதத்தில், அதே நட்சத்திரத்தில் நடக்கின்றன.

தை பிறந்த மறுநாள், மாட்டுப் பொங்கலன்று திருவூடல். காலையில் கோயில் நந்திகளுக்குக் காய்கறி, பழம், வடை, முறுக்கு எல்லாம் மாலையாகத் தொங்கும். மாலையில் நடப்பது குடும்பச் சண்டை. பிருங்கி முனிவர் சிவனை மட்டும்தான் கும்பிடுவார், அம்மனை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். அப்படிப்பட்டவருக்குக் காட்சி கொடுக்கப் போகலாமா என்று உண்ணாமுலையம்மனுக்குக் கோபம். இந்தக் கோபத்துக்கென்றே ஊரில் ஒரு தெரு இருக்கிறது, திருவூடல் தெரு. இரண்டு பல்லக்குகளும் அங்கே எதிரெதிரே நின்று முன்னே வருவதும் பின்னே போவதுமாக இருக்கும். சுந்தரமூர்த்தி நாயனார் நடுவே தூது போவார். எதுவும் பலிக்காமல் அம்மன் விறுவிறுவென்று கோயிலுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அண்ணாமலையார் அன்று இரவு குமரக்கோயிலில் தங்குவார். கட்டிய மனைவி கதவைத் திறக்காவிட்டால் மனிதன் மகன் வீட்டுக்குத்தானே போவான்?

மறுநாள் அவர் தனியாக 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி, பிருங்கிக்குக் காட்சி கொடுத்துவிட்டுத் திரும்பிய பிறகே சமாதானம். அண்ணாமலையார் தாமே கிரிவலம் வருவது ஆண்டுக்கு இரண்டு முறை. ஒன்று இது, இன்னொன்று தீபம் முடிந்த பிறகு. பௌர்ணமிக் கூட்டத்தை மட்டும் பார்த்தவர்கள் இந்த நாளில் ஒருமுறை வர வேண்டும். வழியெங்கும் வீட்டு வாசலில் கோலம் போட்டு, தேங்காய் பழத்தோடு காத்திருக்கிற முகங்களைப் பார்த்தால், வருகிறவர் வீட்டில் கோபித்துக்கொண்டு வந்த உறவுக்காரர் என்றே தோன்றும். சண்டையில் அம்மன் பக்கம் நிற்கும் பெண்கள் அநேகம் பேர். அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது.

அதே தை மாதத்தில் சாமிக்கு வெளியூர்ப் பயணங்களும் உண்டு. தை ஐந்தாம் நாள் தென்பெண்ணைக் கரையில் மணலூர்பேட்டை. அன்று அந்த ஆற்றின் கரை நெடுகிலும் ஆற்றுத் திருவிழா. பக்கத்து ஊர்ச் சாமிகள் எல்லாம் மணலில் இறங்கும், கரும்பும் சுருளிக்கிழங்கும் குவிந்து கிடக்கும். ரதசப்தமிக்குச் செய்யாற்றங்கரையில் கலசபாக்கம். அங்கே திருமாமுடீஸ்வரரும் வந்து சேர்ந்துகொள்ள, இருவருக்கும் ஆற்றில் தீர்த்தவாரி. இந்தப் பயணங்களில் தொலைக்காட்சி வண்டிகள் அதிகம் வருவதில்லை. ஆனால் வழியில் இருக்கிற சிற்றூர்களுக்கு அதுதான் பெரிய நாள். மலையடிவாரத்துக்கு வர முடியாத கிழவியின் வாசலுக்கு மலையே இறங்கி வருகிற நாள் அது.

சித்திரையில் வசந்த உற்சவம் பத்து நாள். கோயிலின் தலமரமான மகிழ மரத்தடியில் சாமி வலம் வரும்போது ஒரு பதுமை மேலிருந்து பூச்சொரியும். குழந்தைகள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள். கடைசி இரவு மன்மதனை எரிப்பார்கள். ஆடிப்பூரத்தில் உண்ணாமுலையம்மன் சந்நிதிக்கு முன்னால் தீமிதி. கிராமத்து மாரியம்மனுக்கும் திரௌபதிக்கும் உரிய தீமிதி, ஆகமப்படி பூசை நடக்கும் ஒரு பெரிய சிவாலயத்துக்குள் இடம்பிடித்திருக்கிறது. பெரிய கோயிலுக்கும் சிறிய கோயிலுக்கும் நடுவே சுவர் இருப்பதாக நினைக்கிறவர்கள் ஆடிப்பூரத்தன்று வந்து பார்க்கலாம்.

அந்தத் தீ எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டு கிராமங்களுக்குப் போனால் பாரதம் எதிர்ப்படும். திருவண்ணாமலை, செஞ்சி, செய்யாறு வட்டாரங்களில் கோடைக்காலம் என்றால் பாரதக் காலம். திரௌபதியம்மன் கோயிலில் கொடியேறிக் காப்புக் கட்டினால், பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் விடிய விடியக் கூத்து. அர்ச்சுனன் தபசு அன்று அர்ச்சுனன் வேடக்காரர் நெடிய தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். கடைசி நாள் காலையில் மைதானத்தில் துரியோதனன் மண்ணால் மலைபோலக் கிடப்பான். படுகளம் முடிந்து திரௌபதி கூந்தல் முடிந்த பிறகு, மாலையில் தீமிதி. அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபெய்டெல் செஞ்சி வட்டாரத்தில் வருடக்கணக்காக இதைப் பார்த்து எழுதிய பெரிய நூலின் முதல் தொகுதி 1988இல் வந்தது. செய்யாற்றுப் பக்கத்துப் புரிசையில் தம்பிரான் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கூத்தைக் காத்து வருகிறது. கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி நடேசத் தம்பிரானின் ஆட்டத்தைக் கண்டபின் தமிழ் நாடகத்தைப் பற்றித் தம் எண்ணத்தையே மாற்றிக்கொண்டார். கண்ணப்பத் தம்பிரான் சங்கீத நாடக அகாதெமி விருது பெற்றார். இவ்வளவு பெருமை இருந்தும் பாரதம் நடப்பது வரிப்பணத்தில்தான். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊர் வசூல் செய்து, கூத்துக்காரர்களுக்கு வெற்றிலை பாக்கில் வைத்து முன்பணம் கொடுத்தால்தான் பாரதம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் இந்தப் பேச்சு பொய்யாகிவிடும். வரி கொடுப்பதும் முறை, வரி வாங்க மறுப்பதும் முறையின் பெயரால்தான் நடந்திருக்கிறது. தண்டராம்பட்டு வட்டத்துத் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குத் தைத் திருவிழா உண்டு. அதில் பொங்கல் வைக்கத் தங்களுக்கும் ஒரு நாள் வேண்டும் என்று ஆதிதிராவிட மக்கள் கேட்டார்கள். கோயிலுக்குள் போகவே தலைமுறைகளாக அவர்களுக்கு வழியில்லாமல் இருந்தது. 2023 சனவரி 30ஆம் தேதி மாவட்ட நிருவாகமும் காவல் துறையும் உடன் நிற்க, அவர்கள் உள்ளே போய்ப் பொங்கல் வைத்தார்கள். அவர்கள் கேட்டதைக் கவனிக்க வேண்டும். புதிதாக ஒரு கோயிலையோ விழாவையோ அவர்கள் கேட்கவில்லை. இருக்கிற திருவிழாவில் தங்கள் பங்கு வேலையைக் கேட்டார்கள். ஒரு சமூகம் இன்னொன்றிடம் இதைவிட நியாயமான ஒன்றைக் கேட்க முடியாது. அந்தக் கேள்விக்கு ஊர் தானாகவே பதில் சொல்லியிருந்தால் காவலர்கள் வந்திருக்க வேண்டியதில்லை.

எல்லா விழாவும் கோயிலில் பிறப்பதில்லை என்பதையும் இந்த மாவட்டம் காட்டுகிறது. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரில் அரசு நடத்தும் கோடை விழாவுக்குச் சமவெளி மக்கள் மலையேறுகிறார்கள். மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் தேனும் கொண்டு வருகிறார்கள். திருவண்ணாமலை நகரத்தில் எழுத்தாளர்கள் டிசம்பர் 31 இரவைக் கலை இலக்கிய இரவாக மாற்றினார்கள். முற்போக்கு எழுத்தாளர்கள் இங்கே தொடங்கிவைத்த அந்த வடிவம் பிறகு தமிழ்நாடு முழுக்கப் போனது. பறையும் கூத்தும் கவிதையும் பேச்சுமாக விடியும்வரை தெருவில் உட்காரும் பழக்கத்தை அவர்கள் எங்கே கற்றார்கள் என்று கேட்டால், பாரதப் பந்தலைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

இனி கார்த்திகை.

தீபத் திருவிழா கொடியேற்றத்தில் தொடங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். அதற்கு முன் மூன்று நாள் துர்க்கையம்மனுக்கும் பிடாரியம்மனுக்கும் விநாயகருக்கும் விழா எடுத்தாக வேண்டும். காவல் தெய்வங்களிடம் சொல்லாமல் எந்தக் காரியமும் தொடங்கக் கூடாது என்பது கிராமத்துச் சட்டம். 217 அடி ராஜகோபுரம் கொண்ட கோயிலும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறது. உத்திராட நட்சத்திரத்தில் கொடியேறியதும் பத்து நாளும் ஒவ்வொரு வாகனம். அதே நாட்களில் மாட்டுச் சந்தையும் கூடும். மாடுகளோடு குதிரைகளும் விலைக்கு வந்து நிற்கும்.

ஆறாம் நாள் காலையில் அறுபத்து மூவர் உலா. நாயன்மார்களைத் தோளில் தூக்கி மாட வீதிகளைச் சுற்றி வருகிறவர்கள் பள்ளி மாணவர்கள். ஏழாவது எட்டாவது படிக்கிற பையன்கள், நெற்றியில் திருநீறோடு, கால் பின்னிக்கொள்ள, ஒருவரையொருவர் அதட்டிக்கொண்டு வருவார்கள். கண்ணப்பரைத் தூக்கிய பையன் வளர்ந்து எங்கே வேலைக்குப் போனாலும் அந்தத் தோள் அந்தக் கனத்தை மறக்காது.

ஏழாம் நாள் தேர். காலையில் விநாயகர் தேர் நகர்ந்தால், ஐந்தாவது தேர் நிலைக்கு வர நள்ளிரவு ஆகும். முன்னால் போன தேர் நிலைக்கு வந்த பிறகே அடுத்தது கிளம்பும். அம்மன் தேரின் வடத்தைப் பெண்கள் மட்டுமே பிடிப்பார்கள். சண்டிகேசுவரர் தேர் சிறுவர்களுக்கு. அன்று மாட வீதியில் கரும்புத் தொட்டில்களும் வரும். வேண்டிக்கொண்டு பிள்ளை பெற்றவர்கள், கரும்பில் புடவையைத் தொட்டிலாகக் கட்டி, அதில் குழந்தையைக் கிடத்தி, கணவன் ஒரு முனையும் மனைவி ஒரு முனையுமாகத் தோளில் வைத்துச் சுற்றி வருவார்கள். பிள்ளை இல்லாத மன்னருக்குப் பிள்ளையாக வந்த சாமியின் ஊரில் இந்த நேர்த்திக்கடன் இவ்வளவு பரவியிருப்பதில் வியப்பில்லை. தொட்டிலில் கிடக்கிற குழந்தை பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். கூட்டம் தானாக ஒதுங்கி வழிவிடும்.

ஒன்பதாம் நாள் செப்புக் கொப்பரை மலையேறுகிறது. மலையின் உயரம் 2,668 அடி. ஆள் உயரக் கொப்பரையை அங்கே கொண்டு போக எந்த வண்டியும் கிடையாது, தோள்தான். பர்வதராஜகுலத்து மீனவ மக்களின் முறை இது. பார்வதி தங்கள் குலத்தில் பிறந்த பெண் என்பது அவர்கள் மரபு. மருமகனுக்குத் தீ எடுத்துப் போவது பெண் வீட்டார் செய்கிற சீர். ஆயிரக்கணக்கான கிலோ நெய் டின்களிலும், ஆயிரம் மீட்டருக்கு மேல் காடாத் துணி மூட்டைகளிலும் மேலே போகின்றன. 3,500 கிலோ என்று பல ஆண்டுகள் இருந்த நெய்யின் அளவு அண்மைக் காலத்தில் 4,500 கிலோவாகியிருக்கிறது. அதில் ஒரு கிலோ, அரைக் கிலோ என்று காணிக்கை கட்டியவர்களின் பங்கும் இருக்கிறது.

பத்தாம் நாள் விடியற்காலை நான்கு மணிக்குக் கருவறை முன் பரணி தீபம். ஒரு விளக்கிலிருந்து ஐந்து விளக்குகள் ஏற்றப்படும். அந்தச் சுடரைத்தான் பர்வதராஜகுலத்தார் மலைக்கு எடுத்துப் போகிறார்கள். மாலையில் கொடிமரத்துக்கு முன் பஞ்சமூர்த்திகள் வந்து அமர்ந்திருப்பார்கள். ஆறு மணிக்கு அர்த்தநாரீசுவரர் ஆடிக்கொண்டே வெளியே வருவார். ஆண்டில் அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும்தான் அவரைப் பார்க்க முடியும். தை மாதத்தில் கதவைச் சாத்திக்கொண்ட அம்மன் இப்போது பாதி உடலாக இருக்கிறார். கீழே அகண்ட தீபம் ஏற்றப்படுகிற கணத்தில் உச்சியில் சுடர் எழும்.

அதுவரை ஊரில் கார்த்திகை விளக்கு ஏற்றுவதில்லை. அகல்களில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு, வாசலில் வரிசையாக வைத்துவிட்டு, வீட்டார் மொட்டை மாடியில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலும் தண்டராம்பட்டுப் பக்கத்திலும் வயல்வெளி வீடுகளில் அப்படித்தான். மலையில் ஒரு பொட்டுத் தெரிந்ததும் முதல் அகல், பிறகு பொரி உருண்டை. பனம்பூவைக் கரியாக்கித் துணியில் கட்டிய மாவலியைப் பையன்கள் சுழற்ற ஆரம்பிப்பார்கள். இருட்டில் பொறி வட்டம் வட்டமாகப் பறக்கும். மாவலி கட்டத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பது வருத்தம். கடைப் பட்டாசுக்கு இருக்கிற வசதி அதற்கு இல்லை. பனம்பூவைப் பொறுக்கி, குழியில் மூட்டம் போட்டு, இடித்து, சலித்து, நான்கு நாள் பாடு.

நெருப்பைச் சுற்றி ஓர் ஊர் இப்படி ஒன்று சேர்வது நம்மிடம் மட்டும் இல்லை. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில் லெர்விக் என்ற துறைமுக ஊர். ஜனவரியில் அங்கே பகல் மிகக் குறுகியது. அந்த மாதத்தின் கடைசிச் செவ்வாய் இரவு 'அப் ஹெல்லி ஆ' என்ற விழா. ஏறத்தாழ ஆயிரம் பேர் தீப்பந்தங்களோடு ஊர்வலம் போய், வைகிங் கப்பல் ஒன்றின் மேல் பந்தங்களை எறிந்து எரிப்பார்கள். 1889 முதல் கப்பல் எரிகிறது. அந்தக் கப்பலை ஊர்க்காரர்களே மாதக்கணக்கில் மாலை வேளைகளில் கூலியின்றிச் செய்கிறார்கள். விழாத் தலைவராக ஆசைப்படுகிறவர் குழுவில் சேர்ந்து பல ஆண்டுகள் வேலை செய்து தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். மறுநாள் ஊருக்கு விடுமுறை. லெர்விக் ஊர்வல அணிகளில் பெண்கள் சேர்ந்து நடக்க 2023இல்தான் வழி திறந்தது. அதற்காக அந்த ஊர்ப் பெண்கள் நெடுங்காலம் வாதாட வேண்டியிருந்தது. உண்ணாமுலையம்மன் தேர் வடத்தைப் பிடித்த பெண்களுக்கு அந்த வாதம் உடனே புரியும். தென்முடியனூர் மக்களுக்கும் புரியும். வேடிக்கை பார்க்க எவரும் தடுக்கவில்லையே என்று சொல்வது அவர்களுக்குப் பதிலாகாது.

வேடிக்கை பார்க்கிறவர்கள் பெருகுவது திருவண்ணாமலையின் இன்றைய கவலை. கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் பௌர்ணமி கிரிவலம் வளர்ந்த வளர்ச்சியை ஊரே எதிர்பார்க்கவில்லை. அதனால் பிழைக்கிற குடும்பங்கள் ஏராளம். பூ விற்கிறவர், இட்லிக்கடை, ஆட்டோ, அறை வாடகை. அதை யாரும் குறைவாகப் பேசக் கூடாது. ஆனால் தீபத்தன்று மாட வீதிக்காரர் தடுப்புக் கட்டைகளைத் தாண்டித் தம் வீட்டுக்கே போக முடியாமல் நிற்கும்போது, ஒரு முறை அறுந்துபோகிறது. அம்மன் தேர் தம் வாசலுக்கு வரும்போது ஆரத்தி காட்ட வேண்டிய பெண், தெருமுனையில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கிறார். பாதுகாப்பு ஏற்பாடு செய்கிறவர்கள் உள்ளூர் மக்களைக் கூட்டத்தின் ஒரு பகுதியாக எண்ணாமல், விழாவை நடத்துகிறவர்களாக எண்ணித் திட்டமிட வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை.

கூட்டமே இல்லாமல் போனால் விழா என்ன ஆகும் என்பதை அண்மையில் ஊர் பார்த்தது. 2020இல் கொரோனா. நவம்பர் 29 தீபத்துக்குப் பக்தர்கள் வர அனுமதியில்லை, தேர்கள் வீதிக்கு வரவில்லை, வாகன உலா கோயில் மதிலுக்குள்ளேயே முடிந்தது. மாட வீதிகள் வெறிச்சோடிக் கிடந்தன. ஆனாலும் கொப்பரை மேலே போனது, ஆறு மணிக்குச் சுடர் எழுந்தது, மொட்டை மாடிகளிலிருந்து அதைப் பார்த்து அகல்கள் ஏற்றப்பட்டன.

2024இல் நடந்தது மலையின் காயம். பெஞ்சல் புயலின் பெருமழையில் டிசம்பர் 1ஆம் தேதி மலைச்சரிவில் மண்ணும் பாறையும் பெயர்ந்து அடிவாரத்து வ.உ.சி. நகரில் வீட்டின் மேல் விழுந்தன. குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தனர். பாறைகளுக்கு நடுவே மீட்புப் பணி நடந்த சில நாட்களுக்குள் திருவிழாவுக்குக் கொடியேறியது. டிசம்பர் 13 தீபம். நிலவியல் வல்லுநர்கள் மலையைப் பார்த்துவிட்டுச் சொன்னதன் பேரில் பக்தர்கள் மலையேறத் தடை விதிக்கப்பட்டது. அதற்கு முன் ஆண்டுகளில் இரண்டாயிரத்தைந்நூறு பேர் வரை ஏற அனுமதி இருந்தது. அந்த ஆண்டு கொப்பரையும் நெய்யும் திரியும் சுமக்கிறவர்கள் மட்டும் ஏறினார்கள். ஈரம் காயாத, பிளந்த சரிவு. ஏழு பேரைக் கொன்ற மலை. அவர்கள் தோளில் செப்புக் கொப்பரை. இறந்தவர்களின் தெருவிலிருந்து பார்த்தாலும் அன்று மாலை அந்தச் சுடர் தெரிந்திருக்கும். அந்த வீடுகளில் அன்று யார் விளக்கு ஏற்றினார்கள், யார் ஏற்றாமல் இருந்தார்கள் என்று கேட்க யாருக்கும் மனம் வராது.

மலைச்சரிவில் இவ்வளவு வீடுகள் ஏன் வந்தன, ஓடைகள் ஏன் அடைபட்டன, வறண்ட மாதங்களில் புல்லில் தீ வைக்கிறவர்களை எப்படித் தடுப்பது என்ற கேள்விகளை அந்த டிசம்பர் ஊர் முன் வைத்துவிட்டுப் போனது. மலையைச் சாமி என்று கும்பிடுகிற ஊருக்கு, அந்தச் சாமியின் உடம்பைப் பார்த்துக்கொள்ளும் முறையும் இருக்கிறது. மரம் நட்டு, தீத்தடுப்புக் கோடு வெட்டிப் பல ஆண்டுகளாக மலையில் வேலை செய்கிற தன்னார்வலர்களை இந்த இடத்தில் நன்றியோடு நினைக்க வேண்டும். அவர்கள் வேலைக்குக் கொடியேற்றம் கிடையாது, ஆனால் அதுவும் ஆண்டுதோறும் நடக்கிறது.

தீபம் பதினோரு நாள் எரியும். முதல் நாள் பார்த்த லட்சங்கள் போய்விட்ட பிறகும், தெப்பத் திருவிழா ஐயங்குளத்தில் முடிந்த பிறகும், சாமி கிரிவலம் வந்து திரும்பிய பிறகும், மாலையானால் உச்சியில் அந்தப் பொட்டு இருக்கும். பேருந்தில் செங்கத்திலிருந்து வருகிறவர்கள் சன்னல் பக்கம் குனிந்து பார்ப்பார்கள். பிறகு ஒரு நாள் அது இருக்காது. கொப்பரையை ஏற்றியவர்களே போய் இறக்கிக் கொண்டு வருவார்கள். ஏறும்போது வழிநெடுகக் கைகூப்பிய கூட்டம் இறங்கும்போது இருக்காது.

கொப்பரையில் படிந்த கரியைச் சுரண்டி எடுத்துப் பதமாக்குவது தீப மை. மார்கழி ஆருத்ரா தரிசனத்தன்று அது முதலில் நடராசருக்குச் சாத்தப்படும். திருவெம்பாவை பிறந்த தலம் என்பதால் அந்த மாதம் முழுக்க விடியற்காலையில் ஊரில் பாட்டுக் குரல் கேட்கும். நடராசருக்கு இட்ட பிறகு மை மக்களுக்கு. நெய்க்குக் காணிக்கை கட்டியவர்கள் ரசீதோடு வந்து நிற்பார்கள். கையில் கொடுக்கிற சிறு பொட்டலத்தைப் பிரித்துக் குழந்தையின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்துவிட்டு, மீதியை மடித்து முந்தானையில் முடிந்துகொள்கிறாள் ஒரு பாட்டி. இன்னும் சில நாளில் தை. நந்திக்கு மாலை கட்ட வடை சுட வேண்டும். திருவூடல் தெருவில் அம்மன் கோபித்துக்கொண்டு வருகிற பாதையைக் கூட்டிப் பெருக்கிக் கோலம் போட வேண்டும்.